பூட்-ரிப்பேர்: இடித்த வீட்டுக்கு வழி சொன்ன க்ரப்

என் லேப்டாப்பில் விண்டோஸ், உபுண்டு, லினக்ஸ் மின்ட் மூன்றும் இருந்தன. மின்ட் ஆசைக்குப் போட்டது. ஒரு மாதமாகத் தொடவே இல்லை. இடமாவது மிஞ்சட்டும் என்று அந்தப் பார்ட்டிஷனை அழித்தேன். மறுமுறை ஆன் செய்தால், எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் க்ரப் மெனுவைக் காணோம். கறுப்புத் திரையில் 'க்ரப்>' என்ற ஒற்றைச் சொல்லும் ஒரு கர்சரும்தான்.

உபுண்டுவும் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. மின்ட், உபுண்டுவின் வழிவந்தது. நிறுவும்போது இஎஃப்ஐ பார்ட்டிஷனில் தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளாமல் 'உபுண்டு' ஃபோல்டரிலேயே எழுதிவிடும். அங்கே உள்ள க்ரப்.சிஎஃப்ஜி மூன்றே வரிக் கோப்பு. அசல் மெனு எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று அதன் அடையாள எண்ணை வைத்துக் கைகாட்டுவதுதான் அதன் வேலை. மின்ட் வந்ததும் கை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நானோ மின்ட்டையே அழித்துவிட்டேன். பிறகு அது இடித்த வீட்டுக்கு வழி சொல்லாமல் என்ன செய்யும்?

பூட் கோளாறைச் சரிசெய்யும் பூட்-ரிப்பேர் கருவியைச் சோதிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. உபுண்டு பென்டிரைவை லைவாக ஓடவிட்டு, அதற்குரிய பிபிஏ களஞ்சியத்தைச் சேர்த்து நிறுவினேன். இணையம் அவசியம். முதல் முயற்சியிலேயே பூட்-ரிப்பேர் மறித்தது: பென்டிரைவ் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருந்தது, கணினியோ இஎஃப்ஐ. இந்த இடத்தில் பலரும் சறுக்குவார்கள். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இருமுறை தெரிந்தால் 'யூஇஎஃப்ஐ' என்று தொடங்குவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிச் செய்து, 'பரிந்துரைக்கப்பட்ட ரிப்பேர்' பட்டனை அழுத்தினேன். மெனு திரும்பிவிட்டது.

வேலை சுத்தம். ஆனால் எது கெட்டிருந்தது, எதை மாற்றினேன் என்று நமக்குப் புரியும்படி அது சொல்வதில்லை. அறிக்கை ஒன்று தருகிறது. அதைப் படித்து முடிப்பதற்குள் சோறு வெந்துவிடும்.

மனம் கேட்கவில்லை. அந்த மூன்று வரிக் கோப்பில் அடையாள எண்ணின் ஓர் எழுத்தை நானே மாற்றி மறுபடி கெடுத்தேன். இம்முறை 'க்ரப்>' என்பதற்குப் பின்னால் 'எல்எஸ்' அடித்துப் பார்ட்டிஷன்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் ஐந்தாவதில் உபுண்டு இருந்தது. 'கான்ஃபிக்ஃபைல்' என்று அடித்து, அங்குள்ள பூட்/க்ரப் ஃபோல்டரின் க்ரப்.சிஎஃப்ஜிக்குப் பாதை கொடுத்ததும் பழைய மெனு வந்து நின்றது. உபுண்டுவுக்குள் போய், டெர்மினலில் சூடோவோடு 'க்ரப்-இன்ஸ்டால்', 'அப்டேட்-க்ரப்' இரண்டையும் ஓட்டினேன். பென்டிரைவும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

டெர்மினல் என்றாலே கை நடுங்குபவர்களுக்கு பூட்-ரிப்பேரைத் தயங்காமல் சொல்வேன். எனக்கு இனி கைவைத்தியம்தான். அதில் ஒரு எரிச்சல் உண்டு. க்ரப் 2.06 முதல், மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மெனுவில் விண்டோஸ் வராவிட்டால் பதற வேண்டாம்: இடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் 'க்ரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கி, அப்டேட்-க்ரப்பை இன்னொரு முறை ஓட்டினால் வந்துவிடும்.