செரெங்கெட்டியும் முப்பது டாலர் கூடாரமும்

கம்மி செலவில் கூடாரம் போட்டு ஆப்பிரிக்க விலங்குகளைப் பார்க்கப் போகணும், முன்னாடி எதாவது படிச்சுட்டுப் போகணுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். நான் ஒரு படத்தைப் பார்க்கச் சொல்வேன். ‘செரெங்கெட்டி சாகக் கூடாது’ என்று பெயர். ஃபிராங்க்ஃபர்ட் மிருகக்காட்சிசாலையின் இயக்குநராக இருந்த பெர்ன்ஹார்ட் கிர்சிமெக் எடுத்த ஜெர்மன் ஆவணப்படம். 1959-ல் வந்து, அடுத்த வருஷம் ஆஸ்கர் வாங்கியது. நல்ல படம்தான். ஆனால் அது ஒரு விஷயத்தை நம் கண்ணிலிருந்து ஒதுக்கி வைக்கிறது. 2019 பிப்ரவரியில் ஐந்து பேர் ஒரு லேண்ட் குரூசரைப் பங்கு போட்டுக்கொண்டு தான்சானியாவில் சுற்றியபோது அந்த விஷயம்தான் தினமும் எதிரே வந்து நின்றது.

முதலில் படத்தின் பலம். செரெங்கெட்டியின் எல்லையை மாற்ற பிரிட்டிஷ் நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்த நேரம். கிர்சிமெக்கும் அவர் மகன் மைக்கேலும், ‘விலங்குகள் எங்கே போகின்றன என்றே தெரியாமல் எப்படிக் கோடு போடுவீர்கள்?’ என்று கேட்டார்கள். வரிக்குதிரை மாதிரி கோடு அடித்த ஒரு சின்ன விமானத்தில் போய் மேலிருந்து எண்ணினார்கள். அபிப்பிராயம் சொல்வதற்கு முன் தரவு எடுக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்கும். அந்த வேலைக்காக மைக்கேல் உயிரையே கொடுத்தார். 1959 ஜனவரியில் விமானத்தின் இறக்கையில் ஒரு கழுகு மோதி, விமானம் விழுந்தது. அவருக்கு வயது 24. இங்கோரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பில் அவர் நினைவாகக் கட்டிய கல் கூம்பு, சாலை ஓரமாகவே இருக்கிறது. எல்லா சஃபாரி வண்டியும் அதைத் தாண்டித்தான் போகும்.

தரவு எவ்வளவு சரி என்பது வேற கேள்வி. அவர்கள் எண்ணிய வில்டபீஸ்ட் 99,481. 1961-ல் வேறு ஆட்கள் எண்ணியபோது இரண்டு லட்சத்துக்கும் மேல். இரண்டு மூணு வருஷத்தில் குட்டி போட்டே அவ்வளவு கூடிவிடாது. முதல் கணக்கில் நிறைய விட்டுப்போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் 1977 வாக்கில் அது 13 லட்சம் ஆனது விட்டுப்போன கணக்கு இல்லை, நிஜமாகவே பெருகியது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கம்மி செலவு சஃபாரிக்கும் கிர்சிமெக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஜெர்மன் தொலைக்காட்சியில் அவர் நடத்திய நிகழ்ச்சியில், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மலிவான குழுப் பயணம் கிடைக்கிறது என்று அறிவித்தார். அப்போது அப்படி ஒன்று கிடையவே கிடையாது. ஜனங்கள் போய்க் கேட்கக் கேட்க, பயண ஏஜென்சிகள் அதை உண்டாக்கிவிட்டன. பயணிகள் வந்தால் பணம் வரும், பணம் வந்தால் விலங்குகள் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. இன்றைக்கு அரூஷா தெருக்களில் நம் பின்னாலேயே வந்து ‘சீப் கேம்பிங்’ விற்கிற பையன் வரைக்கும் அந்தக் கணக்குதான் ஓடுகிறது.

மலிவு என்றால் எவ்வளவு மலிவு? நான் போன சமயத்தில் செரெங்கெட்டி நுழைவு 24 மணி நேரத்துக்கு ஆளுக்கு 60 டாலர். பொதுக் கூடாரத் தளத்துக்கு ராத்திரிக்கு 30. செரெங்கெட்டிக்குப் போகும் வழி இங்கோரோங்கோரோவுக்குள் என்பதால் அங்கேயும் 60, போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்கு 250. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத வரி. நாலு நாள், மூணு ராத்திரி, ஐந்து பேர் என்றால் கட்டணம் மட்டுமே ஆளுக்கு 450 டாலர் ஆகிறது. இதில் ஒரு பைசா குறையாது. டீசல் குறையாது. அப்ப விலையைக் குறைக்கிறவர் எதில் குறைப்பார்? கூடாரத்தின் தரத்தில், டயரில், டிரைவர் சம்பளத்தில், சமையல்காரர் கூலியில். எங்கள் சமையல்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பயணத்துக்கு இவ்வளவு என்றுதான். மீதி நாங்கள் கொடுக்கிற டிப்ஸ். இதை முன்பதிவு செய்யும்போது யாரும் சொல்லவில்லை, கடைசி நாள் காலையில்தான் தெரிந்தது. விளம்பரத்தில் இருந்ததெல்லாம் சிங்கம்.

விலை உயர்ந்த லாட்ஜில் தங்கினால் இதெல்லாம் சுவருக்குப் பின்னால் நடக்கும். கூடாரத் தளத்தில் சுவர் இல்லை. செரொனேராவில் தளத்தைச் சுற்றி வேலி கிடையாது. சமையல் கூடத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் மட்டும் கம்பிவலை. மிருகக்காட்சிசாலையைத் திருப்பிப் போட்ட மாதிரி, நாம் வலைக்குள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறோம், கழுதைப்புலி வெளியே சத்தம் போடுகிறது. ராத்திரி ஒண்ணுக்கு வந்தால் டார்ச் அடித்து, எதிரே கண் ஏதும் மின்னுகிறதா என்று பார்த்துவிட்டு இறங்கணும். அந்த வலைக்குள் நாலைந்து குழுவின் சமையல்காரர்கள் ஒரே இடத்தில் காய் நறுக்கிக்கொண்டு பேசுவதைக் கேட்கலாம். அவர்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்தாலே ‘மனிதர் இல்லாத ஆதி ஆப்பிரிக்கா’ என்கிற பிம்பம் கழன்று விழுந்துவிடும்.

என் விமர்சனம் அந்தப் பிம்பத்தின் மேல்தான். தேசியப் பூங்காவுக்குள் யாரும் வாழக் கூடாது, உள்ளூர்க்காரர்களும் கூடாது என்பது கிர்சிமெக்கின் உறுதியான கருத்து. மசாய் மக்களை அவர் வெறுக்கவில்லை. மாடுகளோடு அவர்கள் அங்கே இருப்பதைத்தான் ஆபத்தாகப் பார்த்தார். 1959-ல் பூங்காவைப் பிரித்தபோது மசாய்கள் செரெங்கெட்டியை விட்டு இங்கோரோங்கோரோ பக்கம் போனார்கள்.

அந்த நிலம் ‘ஆதியிலிருந்தே’ காலியாக இருந்ததா? 1890-ஐ ஒட்டி அங்கே மாட்டுக் கொள்ளைநோய் வந்தது. நம் ஊர் கால்நடை மருத்துவர்கள் வெக்கை நோய் என்பார்களே, அதே நோய். மாடுகள் பெரும்பாலும் செத்தன. மாட்டை நம்பி வாழ்ந்தவர்கள் பஞ்சத்தில் செத்தார்கள். 1892-ல் அந்தப் பக்கம் போன ஆஸ்திரியப் பயணி ஆஸ்கர் பௌமன் பார்த்தது, பசியில் எலும்பும் தோலுமான மசாய்களை. வெள்ளைக்காரர்கள் பார்த்து வியந்த காலி நிலத்தில் ஒரு பங்கு, பிணங்கள் விழுந்த நிலம்.

அந்த நோய் வில்டபீஸ்ட் குட்டிகளையும் வருஷா வருஷம் கொன்றுகொண்டிருந்தது. 1950-களிலும் 60-களிலும் சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். காட்டு விலங்குகளுக்கு யாரும் ஊசி போடவில்லை. மாட்டில் நோய் நின்றதும் வில்டபீஸ்டிலும் நின்றது. 13 லட்சம் வந்தது இப்படித்தான். படம் எதைப் பூங்காவுக்கு எதிரி என்று நினைத்ததோ, அந்த மாட்டின் உடம்பு வழியாகத்தான் பூங்கா பிழைத்தது. 1959-ல் இது தெரிந்திருக்க வழியில்லை, அதற்காகப் படத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கும் சஃபாரி விளம்பரம் எடுக்கிறவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஃபிரேமில் ஒரு மசாய் மாடு வந்துவிட்டால் இன்னும் வெட்டி எறிகிறார்கள்.

2022-லிருந்து இங்கோரோங்கோரோ மசாய் குடும்பங்களை தூரத்தில் உள்ள முசோமேராவுக்கு அரசு குடியேற்றிக்கொண்டிருக்கிறது. விருப்பப்பட்டுத்தான் போகிறார்கள் என்கிறது அரசு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட வசதியையெல்லாம் குறைத்து நெருக்குகிறார்கள் என்கிறார்கள் அங்கே இருப்பவர்கள். 1959-ல், இனி உங்களுக்கு இதுதான் இடம் என்று காட்டிய அதே இடத்திலிருந்து.

போகிறவர்கள் செரொனேராவுக்குத் தெற்கே மோரு பாறைக் குன்றுகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். மலிவுப் பயணத் திட்டத்தில் அது பெரும்பாலும் இருக்காது, டீசலுக்குத் தனியாகக் கேட்பார்கள், கொடுக்கலாம். அங்கே ஒரு பாறை மறைவில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு நிறத்தில் மசாய் வீரர்கள் வரைந்த கேடயங்கள் இருக்கின்றன. சற்றுத் தள்ளி, தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிற ஒரு பெரிய கல். தட்டித் தட்டி அதன் மேல் குழி விழுந்திருக்கிறது.