ரோட்ஸ் மாளிகையும் அதன் பதிப்பாசிரியரும்

பழஞ்சுவடியைப் பதிப்பிக்க முற்படுவோன் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கம் ஒன்று உண்டு. ஏடு செல்லரித்துப் போன இடத்தில் புள்ளியிட்டு நிறுத்த வேண்டும். தன் ஊகத்தில் பிறந்த சொல்லைப் பெய்தே தீரவேண்டுமாயின், அதனை அடைப்புக்குள் இட்டு, 'இது என் சொல்' என்று படிப்போர்க்கு அறிவித்துவிட வேண்டும். அறிவியாது சேர்த்தால் அது இடைச்செருகல். சேர்த்தவர் எத்துணைப் பெரிய புலவராயினும் அது இடைச்செருகலே. கட்டடங்களைப் புதுப்பிப்போர்க்கும் இவ்வொழுக்கம் உரியதா எனின், உரியது என்பதே எம் துணிபு. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கோடியில், அனதோலியாக் கரையை அடுத்துக் கிடக்கும் ரோட்ஸ் தீவில், 'பெருந்தலைவர் மாளிகை' என்னும் பெயரோடு நிற்கும் கோட்டையே அதற்குச் சான்று.

வீரர் தெரு என வழங்கும் கல் பாவிய தெருவின் மேட்டில் அம்மாளிகை நிற்கிறது. இருபுறமும் வட்டக் கோபுரங்கள் காவல் நிற்க, நடுவே வாயில். உள்ளே அகன்ற முற்றம், அதனைச் சூழ வளைவுகள், அகன்ற படிக்கட்டு, மேலே ஒன்றன்பின் ஒன்றாகக் கூடங்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அறைகளில் இருபதைச் சற்றே கடந்தவைதாம் பார்வையாளர்க்குத் திறந்துள்ளன. அவற்றைச் சுற்றி வருவோர், பதினான்காம் நூற்றாண்டின் காற்றைச் சுவாசித்தோம் என்னும் நிறைவோடு வெளியேறுகின்றனர். கீழ்த்தளச் சுவர்களில் பழமை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் வியந்து நின்ற மேல்தளம் 1937க்கும் 1940க்கும் இடையே எழுப்பப்பெற்றது. எழுப்பியவர்கள் வீரத்துறவிகள் அல்லர், முசோலினியின் அரசு.

மூலபாடம் எது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். பைத்துல் முகத்தஸில் நோயுற்ற கிறித்துவ யாத்திரிகர்க்கு விடுதி நடத்தப் பதினோராம் நூற்றாண்டில் தோன்றியதே இவ்வீரர்களின் சபை. நாம் யஹ்யா நபி (அலை) எனப் போற்றும் புனித யோவானின் பெயரால் அது வழங்கியது. நோயாளிகளைப் பேணிய கரங்கள் சிலுவைப் போர்க் காலத்தில் வாளையும் ஏந்தின. 1187இல் சலாஹுத்தீன் ஐயூபி ஜெரூசலத்தை மீட்டபின் அக்கா நகருக்கும், 1291இல் அக்காவும் வீழ்ந்தபின் சைப்ரஸ் தீவுக்கும் பெயர்ந்த அவர்கள், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோட்ஸைக் கைப்பற்றினர். பைசாந்தியர் கட்டிவைத்திருந்த கோட்டையின் மீதே தங்கள் தலைவருக்கு மாளிகை அமைத்தனர். சபையினர் தத்தம் தாய்மொழிப் பகுதிக்கேற்பப் பிரிக்கப்பட்டு, அப்பிரிவுகள் 'நாவுகள்' என்றே அழைக்கப்பெற்றன என்பது இலக்கிய அன்பர்க்குச் சுவை தரும் செய்தி. பிரான்சு நா, இத்தாலி நா என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விடுதி. அவற்றுட் பல அந்த வீரர் தெருவிலேயே இருந்தன.

1522இல், இருபத்தேழு வயதினரான சுல்தான் சுலைமான் படைநடத்தி வந்தார். ஏறத்தாழ ஆறு திங்கள் முற்றுகை. ஆண்டிறுதியில் பெருந்தலைவர் வில்லியே தெ லீல்-ஆதான் சரணடைய இசைந்தார். படைக்கலங்களோடும் உடைமைகளோடும் வீரர்கள் வெளியேறலாம். தேவாலயங்கள் பள்ளிவாசல்களாக மாற்றப்படமாட்டா. குடிகளுக்கு ஐந்தாண்டு வரி இல்லை. இவை சுல்தான் அளித்த நிபந்தனைகள். 1523 ஜனவரி முதல் நாளன்று வீரர்கள் கப்பலேறினர். 1530இல் மால்டாவில் குடியமர்ந்தனர். இப்பெருந்தகைமையை நம் எழுத்தாளர் பலர் பாராட்டியுள்ளனர், பாராட்டத் தக்கதே. எனினும் மாளிகையின் எதிரே இருந்த யோவான் தேவாலயம் பின்னர்ப் பள்ளிவாசலாக்கப்பட்டது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். பிறர் செய்த இடைச்செருகலைச் சுட்டப் புகுவோன் தன் பக்கத்து ஏட்டைக் கிழித்து மறைத்தல் ஆகாது.

மாளிகையைத் துருக்கியர் எவ்வாறு பேணினர்? பேணவில்லை என்பதே உண்மை. அதனைச் சிறைச்சாலையாகப் பயன்படுத்தினர். காலப்போக்கில் மேற்பகுதிகள் சிதைந்தன. 1856இல் யோவான் தேவாலயத்தின் அடியில் மறந்து கிடந்த வெடிமருந்தின்மேல் இடி விழ, அக்கட்டடம் தகர்ந்தது. மாளிகையும் பெருஞ்சேதம் அடைந்தது. ஏடு செல்லரித்த கதை இதுதான்.

1912இல் இத்தாலி அத்தீவைக் கைப்பற்றியது. தொடக்கத்தில் வந்த அறிஞர்கள் ஓரளவு அடக்கத்தோடு நடந்துகொண்டனர். 1440இல் தொடங்கி 1489இல் முடிந்த வீரர்களின் பெரிய மருத்துவமனை, நிலைத்திருந்த சுவர்களை ஒட்டியே செப்பனிடப்பட்டது. இன்று அது தொல்பொருட் காட்சிச்சாலை. மாளிகையின் நிலை வேறு. 1936இல் ஆளுநராக வந்த செசாரே மரியா தெ வெக்கி, முசோலினியை ஆட்சிக்கட்டில் ஏற்றிய 1922ஆம் ஆண்டு ரோமாபுரிப் பேரணியின் தலைவர் நால்வருள் ஒருவர். அதற்கு முன்னர் 1923 முதல் 1928 வரை சோமாலியாவில் ஆளுநராயிருந்து, அங்கிருந்த முஸ்லிம் சுல்தானகங்களைப் படைவலியால் அடக்கியவர். அவர் காலத்தில், மெஸ்துரீனோ என்னும் கட்டடக் கலைஞரின் கைவண்ணத்தில் இம்மாளிகை மீண்டும் எழுந்தது. அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலும் முசோலினியும் வந்து தங்குவதற்குரிய இல்லமாக அதனைக் கருதினர். வேலை முடிந்த அதே 1940இல் இத்தாலி போரில் இறங்கியது. இருவருள் எவரும் அங்கே வாழவில்லை.

மேல்தளம் முன்பு எவ்வாறிருந்தது என்பதற்குச் சான்றே இல்லாமலில்லை. 1826இல் தீவுக்கு வந்த ரொத்தியே என்னும் படைத்தலைவர், 1830இல் பிரசல்ஸில் வெளியிட்ட நூலில் ஓவியங்கள் உள்ளன. பிரெஞ்சு அறிஞர் ஆல்பேர் காப்ரியேல் 1921இலும் 1923இலும் இரு தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வும் கைக்கெட்டும் நிலையில் இருந்தது. ஆயினும் ஓவியத்திலிருந்து கூடத்தின் உட்புறத்தைக் கண்டுகொள்ள முடியாது. அங்கெல்லாம் மெஸ்துரீனோ தாமே பாட்டு எழுதினார். எழுதட்டும், நன்றாகவே எழுதினார். கல்லிழைத்த நேர்த்தியில் குறை காணவியலாது. 'அவர்கள் கட்டியிராவிடில் இன்று அங்கே கற்குவியல்தானே கிடக்கும்?' என்று கேட்போர் உளர். அக்கேள்வி நியாயமானதே. நம் வழக்கு அவர் கட்டினார் என்பதன்று. தாம் கட்டியதை வீரர்கள் கட்டியதிலிருந்து பிரித்தறிய இயலாதவாறு கட்டினார் என்பதே. இது அக்காலத்தார் அறியாத நுட்பமும் அன்று. 1931இல் ஏதென்ஸில் கூடிய வல்லுநர் மாநாடு, பழஞ்சின்னங்களை மீட்டமைக்கையில் புதிதாகச் சேர்க்கும் பொருள் எப்போதும் இன்னதென அடையாளம் காணத்தக்கதாய் இருத்தல் வேண்டுமென வகுத்துவிட்டது. ரோட்ஸ் வேலை தொடங்கியது அதற்கு ஆறாண்டுகள் பின்னர்.

இனித் தரையைப் பாருங்கள். அயல் தீவாகிய கோஸில் 1933இல் நிலம் நடுங்கியது. அதன்பின் இத்தாலியர் நடத்திய அகழ்வில் கிரேக்க, உரோமக் காலத்து வண்ணக்கற் சித்திரத் தளங்கள் வெளிப்பட்டன. அவற்றைப் பெயர்த்துக் கொணர்ந்து இம்மாளிகையின் அறைகளில் பதித்தனர். பாம்புக் கூந்தல் விரித்த மெதூசா ஓரறையில். கலைத்தேவியர் ஒன்பதின்மர் மற்றோரறையில். சிலுவை ஏந்திய துறவிகள் இவற்றை ஒருநாளும் மிதித்ததில்லை. இப்படியொன்று மண்ணுக்குள் கிடந்ததைக்கூட அவர்கள் அறியார். இத்தாலியிலிருந்து வந்த நாற்காலிகளும் பேழைகளும் அத்தளங்களின்மேல் நிற்கின்றன. போதாக்குறைக்கு ஓரிடத்தில் லாவோகூன் சிலையின் படி. மூலத்தைச் செதுக்கியோர் ரோட்ஸ் சிற்பிகள் என்பது உண்மை; மூலம் இருப்பதோ வத்திக்கானில். ஒரு காப்பியத்தின் நடுவே வேறு மூன்று காப்பியங்களின் அழகிய படலங்களைச் செருகி, 'எல்லாம் ஒரே புலவர் பாடியது' என்று கொடுத்தால் எப்படியோ அப்படி இருக்கிறது. படலங்கள் அழகியவை என்பதால் குற்றம் குறைந்துவிடுமா?

இங்ஙனம் சேர்த்தது ஒருபுறம் இருக்க, நீக்கியதும் உண்டு. வீரர் தெருவில் உதுமானியர் காலத்து வீடுகள் மரத்தாலான பின்னற் பலகணிகளைத் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளிருக்கும் பெண்டிர் வெளியைக் காணவும், வெளியார் அவர்களைக் காணாதிருக்கவும் அமைந்தவை அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகளின் ஓவியங்களில் அவற்றைக் காணலாம். இத்தாலியர் அவற்றை அகற்றித் தெருவை 'வீரர் காலத்துக்கு' மீட்டனர். வீரர்கள் அத்தீவில் இருந்தது இருநூற்றுப் பத்துச் சொச்சம் ஆண்டுகள். உதுமானியர் ஆண்டது 1522 முதல் 1912 வரை, முந்நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள். நீண்ட காலத்தை அழித்துக் குறுகிய காலத்தைத் துலக்கியதற்குக் காரணம் வெறும் கலைநோக்கு என நம்புவதற்கு நாம் அத்துணை வெள்ளையுள்ளம் படைத்தோமல்லோம். கிழக்கைச் சிலுவையோடு வென்ற மேற்கின் வாரிசு தானே எனக் காட்டிக்கொள்ள விரும்பிய அரசுக்கு, இத்தெரு ஒரு நாடக மேடையாயிற்று.

1947ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவு கிரேக்கத்தைச் சேர்ந்தது. 1988இல் பழைய நகரம் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. ஆட்சி மாறியது, பதிப்பு மாறவில்லை. மாளிகையின் கீழ்த்தளத்தில் நடைபெறும் நிலையான கண்காட்சி, நான்காம் நூற்றாண்டு முதல் 1522இல் துருக்கியர் கைப்பற்றும் வரையிலான ரோட்ஸைக் காட்டுகிறது. பொருள்கள் பொறுக்கி எடுத்தவை. அடுக்கிய முறையும் அறிவார்ந்தது. ஆனால் 1522 என்ற ஆண்டோடு கதை நின்றுவிடுகிறது. அக்கண்காட்சி நடைபெறும் கட்டடமே அதற்குப் பின்னர்ச் சிறையாக இருந்தது, இடிந்தது, மீண்டும் கட்டப்பட்டது. சொந்தக் கதையின் பிற்பாதியைச் சொல்லாத வீடு அது.

சொல்லாமல் விடப்படுவனவற்றுள் எம் நெஞ்சைத் தொட்டது ஜெம் சுல்தானின் வரலாறு. கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற முஹம்மது பாத்திஹின் இளைய மைந்தர். துருக்கியிலும் பாரசீகத்திலும் திவான் பாடிய கவிஞர். 1481இல் தந்தை இறந்தபின் அண்ணன் பாயஸீதோடு அரியணைக்குப் போரிட்டுத் தோற்று, 1482 ஜூலையில் ரோட்ஸில் அடைக்கலம் புகுந்தார். பெருந்தலைவர் தொபுசோன் சிறப்போடு வரவேற்றார். வரவேற்பு விரைவில் வாணிபமாயிற்று. தம்பியைக் காவலில் வைத்துக்கொள்வதற்காக அண்ணன் ஆண்டுதோறும் பொன் அனுப்ப இசைந்தார். 1484இல் யஹ்யா நபி (அலை) அவர்களுடையதெனக் கிறித்துவர் போற்றிய வலக்கையின் எச்சத்தையும் வீரர்களுக்கு அனுப்பிவைத்தார். ஜெம்மோ அதற்குள் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர்ப் போப்பரசர் கைக்கு மாறி, 1495இல் நேப்பிள்ஸில் மறைந்தார். அவருடைய மகன் முராது ரோட்ஸிலேயே தங்கிக் கிறித்துவம் தழுவி வாழ்ந்தார். 1522இல் பகைவராகிய வீரர்களைப் படைக்கலத்தோடு போகவிட்ட சுலைமான், தம் தந்தைக்குச் சிற்றப்பன் மகனான இந்த முராதைக் கொல்லச் செய்தார். மாளிகையின் மரப்பேழைகளை விட, மெதூசாவை விட, இக்குடும்பக் கதையன்றோ அவ்வூரின் பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளை நமக்கு விளக்க வல்லது?

விடப்பட்ட கதைக்கு எதிராக, விடாது சொல்லப்படும் கதை ஒன்றும் உண்டு. மாளிகை நிற்கும் மேட்டில்தான் பண்டைச் சூரியக் கோயில் இருந்திருக்கலாம் எனக் கருதுவோர் உளர். ஆதலால் அங்கே நிற்கும்போது உலக அதிசயங்களுள் ஒன்றாகிய பெருஞ்சிலையின் பேச்சு எழுகிறது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே நிலநடுக்கத்தில் வீழ்ந்த அச்சிலையின் வெண்கலத்தை, கி.பி. 653-54 அளவில் முஆவியா (ரலி) அவர்களின் படையினர் யூத வணிகர் ஒருவருக்கு விற்றதாகவும், தொள்ளாயிரம் ஒட்டகங்கள் அதனைச் சுமந்ததாகவும் பயண நூல்கள் தோறும் காணலாம். இதனை எழுதிவைத்த பைசாந்திய வரலாற்றாசிரியர் தியோபனீஸ் ஒன்பதாம் நூற்றாண்டினர். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் பிற்பட்டவர். எண்ணூறு ஆண்டுகள் அத்துணை வெண்கலம் எவர் கையும் படாமல் வெட்டவெளியில் கிடந்திருக்குமா என்று எந்த வழிகாட்டி நூலும் கேட்பதாய்த் தெரியவில்லை. அண்மைக்கால ஆய்வாளர் இதனை வரலாறாக ஏற்கத் தயங்குகின்றனர்.

இத்தனையும் சொன்னபின் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். மாளிகையின் வாயிலருகே இத்தாலிய மொழியில் ஒரு கல்வெட்டு இன்றும் உள்ளது. அரசர் விக்டர் இம்மானுவேல், முசோலினி, ஆளுநர் தெ வெக்கி ஆகியோர் பெயர்களைத் தாங்கி, இக்கோட்டை அவர்கள் காலத்தில் மீண்டும் கட்டப்பட்டதென்று அது பறைசாற்றுகிறது. பாசிசத்தின் பெயரைச் சுமக்கும் அக்கல்லைக் காணக் கசப்பு எழுவது இயல்பு. நமக்கோ, அதைப் பெயர்த்தெறியக் கூடாது என்றே படுகிறது. ஏட்டின் இறுதியில் எழுதினோன் தன் பெயரும் காலமும் குறிப்பதுபோல், அக்கட்டடத்தில் உண்மை பேசுவது அவ்வொரு கல்லே. அதையும் எடுத்துவிட்டால் 1940 முழுவதும் 1340 ஆகிவிடும்.

ரோட்ஸ் செல்லும் வாய்ப்புடையோர் மாளிகையோடு திரும்பிவிட வேண்டா. சற்றே கீழிறங்கினால் சுலைமானிய்யாப் பள்ளிவாசல்; வெற்றியை அடுத்து எழுந்து, 1808இல் மீண்டும் கட்டப்பெற்றது. அதன் எதிரே 1793இல் ஹாபிஸ் அஹ்மது ஆகா நிறுவிய நூலகம் உள்ளது. 1923ஆம் ஆண்டு லோசான் உடன்படிக்கை கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்களை மாற்றிக்கொள்ள வகைசெய்தபோது, தீவு இத்தாலியின் கையில் இருந்தமையால், ரோட்ஸ் முஸ்லிம்கள் ஊரைவிட்டுப் பெயர்க்கப்படாமல் தப்பினர். அச்சமூகத்தின் எச்சமே இந்நூலகம். அறபு, பாரசீகம், துருக்கி ஆகிய மொழிகளின் கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டது. 1522ஆம் ஆண்டு முற்றுகையைப் பற்றிய வரலாற்றுச் சுவடியும் அங்கே உண்டு. மாளிகையின் கண்காட்சி முடியும் ஆண்டிலேயே அச்சுவடி தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையே சில நிமிட நடைதான்.