‘ஆறும்’ என்றுரைத்தவர் யார்?

மூலிகைகளைப் பற்றித் தமிழில் வெளிவரும் சிறுநூல்கள் பலவற்றை நாம் தொடர்ந்து படித்து வருகிறோம். மஞ்சள், வேம்பு, குப்பைமேனி, சோற்றுக்கற்றாழை எனச் செடிகள் மாறுகின்றன. வாக்கியம் மட்டும் மாறுவதில்லை. இலையை அரைத்துத் தடவ ஆறாத புண்ணும் ஆறும்! இந்நூல்களின் மருத்துவத்தை எடைபோடுவது வைத்தியர் பணி. நடையை எடைபோடுவது நம் பணி. குறை நடையிலேயே தொடங்குகிறது என்பது நம் துணிபு.

‘ஆறும்’ என்னும் அவ்வினைக்குப் பின்னால் கண்டவர் எவரும் இல்லை. எத்தகைய புண், எத்தனை நாளில், எத்தனை பேருக்கு என்பதும் இல்லை. சித்தர் பாடல்களிலும் ‘தீரும்’, ‘போம்’ என்றுதானே வருகிறது எனலாம். மெய்தான். ஆனால் அப்பாடல்கள் ஆசிரியன் முன் அமர்ந்து மனனம் செய்யும் மாணாக்கனுக்கு உரியவை. அளவும் பக்குவமும் விலக்கும் ஆசிரியன் வாயில் இருந்தன. பாட்டை உரைநடையாக்கி அங்காடிக்கு அனுப்பியோர் அந்த ஆசிரியனை நீக்கிவிட்டனர். ‘போம்’ மட்டும் எஞ்சிற்று.

அறபு மருத்துவ நூல்களோடு பழகியோருக்கு இக்குறை உடனே உறுத்தும். 925-இல் மறைந்த அபூபக்ர் அர்ராஸியின் குறிப்புகள், அவருக்குப் பின் ‘அல்ஹாவீ’ எனத் தொகுக்கப்பட்டன. கிரேக்கர், இந்தியர் முதலியோர் கூற்றுகளை அவரவர் பெயரோடு அடுக்கிச் செல்லும் அவர், தம் கருத்து வருமிடத்தில் ‘லீ’ என்றொரு சொல்லை இடுகிறார். ‘என்னுடையது’ என்பது பொருள். அறபில் இரண்டே எழுத்து. எனினும் கேட்டதையும் கண்டதையும் பிரிக்கும் வரப்பு அதுவே. மூளைக்காய்ச்சலின் முன்குறி கண்ட நோயாளருள் ஒரு சாராருக்குக் குருதி வாங்கி, மறு சாராருக்கு வேண்டுமென்றே வாங்காது விட்டு, விளைவை ஒப்பிட்டதையும் அந்நூலில் அவர் குறித்துள்ளார்.

அந்தலூஸில் இஷ்பீலிய்யா நகரத்து அபுல் அப்பாஸ் அந்நபாத்தீ செடிநூல் வல்லவர். ஹதீஸ் கலை அறிஞருமாவார். அவருடைய மாணவரே, ஆயிரத்து நானூறு அளவிலான மருந்துப் பொருள்களைத் தொகுத்து 1248-இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார். ஒவ்வொரு செடியின் கீழும் அவர் முன்னோரைப் பெயர் சொல்லி நிறுத்துகிறார். ‘யார் சொன்னார், யாரிடம் கேட்டார்’ என்று ஸனதைத் துருவும் பழக்கம் செடிக்கும் சென்றது போலும்!

அப்பழக்கத்தோடு நம் சிறுநூல்களை அணுகுவோம். வெட்டுக்காயப்பூண்டை அகத்தியர் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டார் என்கின்றனர். அச்செடியின் தாயகமோ அமெரிக்க வெப்பநாடுகள்! 1492-க்குப் பின் கடல் கடந்து வந்த செடி அது. அகத்தியர் பெயரில் வழங்கும் எல்லாப் பாடலும் பழையன அல்ல என்பதற்கு மருத்துவப் பாடல்களில் வரும் ‘பறங்கிப்புண்’ணே சான்று. ‘இஃப்ரஞ்சீ’ என்ற அறபுச் சொல்லோடு உறவுடைய ‘பறங்கி’, ஐரோப்பியர் வரவுக்குப் பின்னரே அப்புண்ணுக்கு அடைமொழியாயிற்று.

இதனால் அப்பூண்டுக்கு இழுக்கா? இல்லவே இல்லை. புதிதாய் வந்த களையைக் கசக்கிக் காயத்தில் பிழிந்து, குருதி நிற்பதைக் கண்டு, பெயரும் சூட்டியவர்கள் வயலில் அரிவாள் பிடித்த நம் மக்கள். எலிகளின் காயம் அதன் சாற்றால் விரைந்து ஆறியதாக ஆய்வேடுகளும் உண்டு. உண்மையான ‘லீ’ அம்மக்களுடையது. அதைப் பறித்து அகத்தியருக்குச் சூட்டுவது அவருக்கும் பெருமையன்று.

விஞ்ஞானத்தைத் துணைக்கழைக்கும் நூல்களிலும் இதே கதைதான். கண்ணாடித் தட்டில் இலைச்சாறு நுண்ணுயிரின் வளர்ச்சியைத் தடுத்தது என்ற செய்தி, அடுத்த வரியிலேயே ‘புண்ணை ஆற்றும்’ என்றாகிவிடுகிறது. காடியும் கடும் உப்புநீரும் கூடத் தட்டில் அவ்வேலையைச் செய்யும்! தட்டில் குருதியோட்டமில்லை, சீழில்லை, சர்க்கரை நோயில்லை. சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதத்தில் புண் வலிப்பதில்லை. ‘ஆறும்’ என்ற சொல்லை நம்பி இலையை வைத்துக் கட்டி இரு வாரம் காத்திருப்பவர், அந்த இரு வாரத்தில் காலையே இழக்கக்கூடும்.

வேறு விதமாகவும் எழுத முடியும் என்பதற்குத் தேன் சான்று. தேனின் அடர்ந்த இனிப்பு நுண்ணுயிரின் நீரை உறிஞ்சுகிறது. நீர் கலந்தால் அதிலுள்ள நொதியம் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. பல ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பீடு இவ்வளவோடு நின்றுவிடவில்லை. ஆழம் மிகாத தீப்புண்ணில் வழக்கமான கட்டுகளைவிட நான்கைந்து நாள் முந்தி ஆறுகிறது. அறுவைக்குப் பின் சீழ்ப்பிடித்த காயத்திலும் பயன் தெரிகிறது. சர்க்கரை நோயாளரின் பாதப்புண்ணில் முடிவு கூறச் சான்று போதாது என்று புண்ணுக்குப் புண் பிரித்துரைக்கிறது. மருத்துவமனைக் கட்டுகளுக்குரிய தேனும் கதிர்வீச்சால் தூய்மை செய்யப்பட்டதே. சமையலறைப் புட்டியில் உள்ளதன்று. அண்மையில் நம் கைக்கு வந்த சிறுநூல் ஒன்றில் தேன் ‘ஆற்றும்’ புண்களின் வரிசை உள்ளது. அதில் முதலில் நிற்பது சர்க்கரைப் புண்.