ஒக்கூர் மாசாத்தியாரின் கோழி

ஒக்கூர் மாசாத்தியார் பாடியவையாக நமக்குக் கிடைத்திருப்பவை 8 பாடல்கள். குறுந்தொகையில் 5, அகநானூற்றில் 2, புறநானூற்றில் 1. ஏழு அகப்பாடல்கள் இருந்தும் வகுப்பறையில் அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது அந்த ஒற்றைப் புறப்பாடல்தான் (279). முன்பு நடந்த போரில் தந்தையையும் நேற்றைய போரில் கணவனையும் இழந்த பெண், இன்று பறையொலி கேட்டதும் தன் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். "வீரத்தாயின் மறப்பண்பை விளக்குக" என்று கேட்கிறோம். விடையைக் கேள்வியே சொல்லிவிட்ட பிறகு மாணவி பாடலைப் படிப்பதற்கு என்ன தேவை இருக்கிறது?

பாடலில் பேசுவது தாய் அல்ல. அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ. இவள் மனம் கெடட்டும் என்ற பொருளில்தான் அந்தக் குரல் தொடங்குகிறது. வியப்பு என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது நம் வழக்கம். வியப்பாகவே இருக்கட்டும், அதற்கு ஏன் ஒரு வசை தேவைப்பட்டது? தாய்க்குப் பாடல் முழுவதிலும் கிடைப்பது 'போ' என்னும் ஒரே சொல். மூதின்முல்லை என்ற துறைப்பெயரைக் கரும்பலகையில் முதலில் எழுதிவிட்டால் இவை எதுவும் கண்ணில் படாது.

வாலிகண்டபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் மாணவிகளில் பலர், தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். விடுமுறையில் சின்ன வெங்காயக் காட்டுக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். உரையும் துறையும் இல்லாமல் பாடலை இருமுறை வாசித்துவிட்டு, இதில் சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்டேன். "பையனுக்கு என்ன வயசு மேடம்?" என்றாள் ஒருத்தி. "அவனுக்குப் போக இஷ்டமா?" என்றாள் இன்னொருத்தி. கடைசி வரிசையிலிருந்து வந்தது மூன்றாவது: "நாளைக்கும் சண்டை வந்தா அந்தம்மா யார அனுப்பும்?" திறனாய்வு என்பது இதுதான்.

பிறகு குறுந்தொகை 139ஐப் பக்கத்தில் வைத்தோம். தலைவனைத் தெருவுக்கு வராதே என்று தோழி தடுக்கும் பாடல். ஊரில் எழும் அலருக்கு மாசாத்தியார் சொல்லும் உவமை ஒரு வீட்டுக்கோழி. அந்தி வேளையில் வேலியோரம் காட்டுப்பூனை வந்துவிட, ஒதுங்க இடம் தெரியாத குஞ்சுகளை அது பதறிப்போய்க் கூவி அழைக்கிறது. பிள்ளையைக் காக்கத் துடிக்கும் ஒரு தாயின் குரலை இவ்வளவு துல்லியமாகக் கேட்டவர்தான் அந்தப் புறப்பாடலையும் எழுதியவர். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, எண்ணெய் தடவும் கை வீரத்தை மட்டும் சொல்வதாகத் தோன்றவில்லை.

இது பழங்கதை மட்டுமல்ல. கர்நாடகப் போர்களின்போது, 1751இல், இதே வட்டாரத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாப் பக்கம் நின்று மோதினார்கள். ஆங்கில ஆவணங்களில் இவ்வூரின் பெயர் வால்கொண்டா. அந்த வரலாற்றில் தளபதிகளுக்குப் பெயர் உண்டு. இங்கே வாழ்ந்த பெண்களுக்கு இல்லை. ரஞ்சன்குடிக் கோட்டையைத் தினமும் பேருந்திலிருந்து பார்க்கும் மாணவிக்கு இந்தக் கேள்வி சொந்தக் கேள்வி.

கொடுப்பவளே தாய் என்று மனப்பாடம் செய்யும் பெண், நாளை தன்னிடம் எதைக் கேட்டாலும் கொடுக்கவே பழகுகிறாள். மாணவியை வெற்றுக் கணக்காக எண்ணி அதில் தகவலைப் போட்டுவைப்பதை வங்கி முறைக் கல்வி என்றார் பாவ்லோ ஃபிரெய்ரே. நம் வகுப்பில் தகவலோடு பணிவும் சேர்ந்தே வரவாகிறது.

பாடத்திட்டத்தை முடிக்க வேண்டுமே, தேர்வு இருக்கிறதே என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் கல்லூரி வினாத்தாளை எழுதுபவர்களும் நாம்தானே. "மறப்பண்பை விளக்குக" என்பதை எடுத்துவிட்டு, "இப்பாடலில் பேசுவது யார்? அவர் தாயைப் பாராட்டுகிறாரா, பழிக்கிறாரா? பாடலிலிருந்து காரணம் காட்டுக" என்று கேட்கலாம். மதிப்பெண் அதே பத்துதான். அதை வாங்க மாணவி பாடலுக்குள் போயே ஆக வேண்டும்.