பொம்மை ரயிலின் அளவு சரிதானா?

மாதிரி ரயில் செய்வதும் வாங்கிச் சேர்ப்பதும் பல நாடுகளில் பெரியவர்களையும் கவர்ந்த பொழுதுபோக்கு. பிரிட்டனில் இதற்கு மிகப் பரவலாக வழங்கும் அளவு ‘டபுள்-ஓ’. பெட்டியின் மேல் 1:76 என்று அச்சிட்டிருக்கும். துல்லியமாகச் சொன்னால் 1:76.2, அதாவது உண்மை ரயிலின் ஓர் அடி, மாதிரியில் 4 மில்லிமீட்டர். இந்தக் கூற்றை நாமே சோதித்துப் பார்ப்போமா? ஓர் அளவுகோலும் பென்சிலும் போதும்.

பிரிட்டனின் இருப்புப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1,435 மி.மீ. இதை 76.2-ஆல் வகுத்தால் 18.83 வருகிறது. மாதிரிப் பாதையை அளந்தாலோ 16.5 மி.மீ.தான் இருக்கிறது! இது 1:87 கணக்குக்கு உரிய பாதை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் ‘எச்-ஓ’ மாதிரிகளில் எஞ்சினும் பாதையும் அந்த ஒரே கணக்கில் பொருந்துகின்றன. ‘டபுள்-ஓ’ எஞ்சினை முன்னாலிருந்து பாருங்கள். அகன்ற உடம்பும் நெருங்கிய கால்களுமாக நிற்கும்.

ஏன் இப்படி? பிரிட்டனின் பாலங்களும் சுரங்கப் பாதைகளும் குறுகியவை. எனவே அந்நாட்டு எஞ்சின்களும் சிறியவை. 1:87 அளவில் செய்த எஞ்சினுக்குள் அக்கால மோட்டார் அடங்கவில்லை. உடலைப் பெரிதாக்கினார்கள்; பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். 1938-இல் வெளிவந்த ‘ஹார்ன்பி டப்ளோ’ ரயில்கள் இந்த ஏற்பாட்டை வீடுதோறும் கொண்டு சேர்த்தன.

அன்று அது நியாயமே. இன்று 9 மி.மீ. பாதையில் ஓடும் எஞ்சினுக்குள்கூட மோட்டார் எளிதில் அடங்குகிறது. காரணம் போய்விட்டது, பிழை போகவில்லை. புதிய எஞ்சின் பழைய பாதையில் ஓடாவிட்டால் யார் வாங்குவார்கள்?

உண்மை ரயிலின் வரலாறும் இதுதான். பொறியாளர் புரூனெல் அமைத்த பாதையின் அகலம் 2,140 மி.மீ. வேகச் சோதனையில் அதுவே முந்தியது. ஆயினும் 1,435 மி.மீ. பாதை ஏற்கெனவே பல மடங்கு நீளம் போடப்பட்டிருந்தது. 1846-ஆம் ஆண்டுச் சட்டம் அதையே பொது அளவாக்கியது. 1892-இல் அகன்ற பாதை மறைந்தது. சிறந்த அளவைப் பரவிய அளவு வென்றது.

இன்னும் இரண்டைக் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் வளைவுத் தண்டவாளம் ஒன்றின் ஆரம் 438 மி.மீ. உண்மை அளவில் இது சுமார் 33 மீட்டர். நம் நாட்டு அகலப் பாதையிலோ மிகக் கூரிய வளைவுக்கே 175 மீட்டர் ஆரம் வேண்டும்! அடுத்தது எடை. நீளம் 76.2 மடங்கு குறைந்தால் எடை அதன் முப்படியாகக் குறையும். 100 டன் எஞ்சின் சுமார் 226 கிராம் ஆகிவிடும். எனவேதான் மின்சாரத்தை நிறுத்தியதும் பொம்மை ரயில் சட்டென நிற்கிறது. இதைச் சரிக்கட்ட ‘பிளைவீல்’ என்னும் கனத்த சக்கரத்தை உள்ளே பொருத்துகிறார்கள்.

வளைவையும் எடையையும் நாம் மன்னிக்கலாம்; அறையின் அளவும் இயற்கையின் விதியும் அவற்றைக் கட்டாயமாக்குகின்றன. எந்த மாதிரியும் எதையாவது விட்டுத்தான் தீரவேண்டும். நிலப்படங்களில் மலையின் உயரத்தை மிகைப்படுத்துவதில்லையா? ஆனால் நல்ல படம் அதை ஓரத்தில் எழுதிவிடும். ரயில் பெட்டியிலோ 1:76 என்ற எண் மட்டும் பெருமையோடு நிற்கிறது. பாதை அந்தக் கணக்கில் இல்லை என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? நம் குறை அதுவே. இந்தப் பிழையைப் பொறுக்காத சிலர் 18.83 மி.மீ. பாதையைத் தம் கையாலேயே போட்டுக்கொள்கிறார்கள். வாங்குபவருக்குக் கிடைக்காத பாடம் அவர்களுக்குக் கிடைக்கிறது.

நம் அகலப் பாதை 1,676 மி.மீ. 1:87 கணக்கில் இது 19.26 மி.மீ. ஆக வேண்டும். இந்திய எஞ்சின்களின் மாதிரிகளோ பெரும்பாலும் அதே 16.5 மி.மீ. பாதையில்தான் ஓடுகின்றன. ஆகவே, அடுத்த முறை ஒரு மாதிரி ரயிலைப் பார்க்கும்போது அழகை ரசியுங்கள். பிறகு அளந்து, வகுத்துப் பாருங்கள். பெட்டி சொல்லாததை அளவுகோல் சொல்லும்.