சாமி மாறியும் மாறாத ஊர்: தென்னார்க்காட்டுப் புனைவில் மதம்

பின்காலனியப் புனைவு, அதாவது ஐரோப்பியர் ஆட்சியும் அதன் பின்விளைவுகளும் மக்கள் வாழ்வில் ஏற்படுத்திய மாற்றங்களைப் பேசும் கதை இலக்கியம், மதத்தைப் பெரும்பாலும் ஊரை உடைத்த சக்தியாகவே காட்டிவந்திருக்கிறது. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் ‘சிதைவுகள்’ (மூலம் 1958) நாவலில் மிஷனரிகள் வந்தபின் இக்போ ஊரின் கட்டுக்கோப்பு கலைகிறது. கென்யாவின் கூகி வா தியாங்கோ எழுதிய ‘இடையில் ஓடும் நதி’ (மூலம் 1965) நாவலில் இரண்டு மலைமுகடுகள் பகைகொண்டு நிற்கின்றன. விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் உள்ளடக்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் புனைவு சொல்வதோ வேறு கதை: ஊரென்றும் தலித் மக்கள் வாழும் காலனியென்றும் முன்பே பிரிந்துகிடந்த சமூகம், புதிதாக வந்த மதத்தையும் அதே கோட்டின்படி பிரித்துக்கொண்டது.

இதன் வரலாற்றுப் பின்னணி தெளிவானது. புதுச்சேரியை மையமாகக் கொண்ட பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்களும், திண்டிவனத்தில் நிலையம் அமைத்த அமெரிக்க ஆர்க்காடு மிஷனும் இப்பகுதியில் பணியாற்றினர். 1876–78 பெரும்பஞ்சக் காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் கத்தோலிக்கம் தழுவினர். ஆயினும் மாதா கோயிலுக்குள்ளும் கல்லறையிலும் சாதி உடன்வந்தது. 2008 மார்ச்சில், அப்போது விழுப்புரம் மாவட்டத்திலிருந்த இறையூரில், தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு, அதாவது தங்களுக்கென ஒரு குருவும் ஆலயமும், கேட்டதைத் தொடர்ந்து எழுந்த மோதலின்போது காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர்.

இந்த நிலையை மிக ஆழமாக எழுதிய நாவல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994). அதன் நாயகி ஆரோக்கியம், தலித் மக்களுக்குத் துணி வெளுத்தும், பிரசவம் பார்த்தும், சாவுச் சடங்குகளில் தொண்டு செய்தும், கூலிக்குப் பதிலாகத் தானியமும் வீடுவீடாக எடுக்கும் சோறும் பெறும் புதிரை வண்ணார் குலப்பெண், கிறித்தவள். அந்தோணியாரை நம்பியிருக்கும் அவள், மகன் ஜோசப்பைச் சாமியாராக்கிவிட வேண்டுமென்று ஆசைப்படுகிறாள். ஊர் ஒருபோதும் தராத மரியாதையை அங்கி தந்துவிடும் என்பதே அந்த ஆசையின் உட்பொருள். அது நிறைவேறாமல் போவதை நாவல் எந்த ஆவேசமுமின்றிச் சொல்கிறது. ஆரோக்கியத்தின் பக்தியை அறியாமை என்று ஆசிரியர் தள்ளிவிடுவதில்லை, விடுதலை என்று உயர்த்திப் பிடிப்பதுமில்லை. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் ஒடுக்கப்பட்டோர் உண்டென்று காட்டியதற்காக இந்நாவல் கடுமையாக விவாதிக்கப்பட்டது. அவ்விவாதத்தில் ஆரோக்கியத்தின் கிறித்தவம் போதிய கவனம் பெறவில்லை என்பது பெரிய இழப்பே.

அருகிலுள்ள புதுச்சேரியின் 18ஆம் நூற்றாண்டை எழுதிய பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘வானம் வசப்படும்’ ஆகியவை மதத்தை அரசாங்கத்தின் பக்கத்திலிருந்து பார்க்கின்றன. பிரெஞ்சு ஆளுநருக்கும் உள்ளூராருக்கும் நடுவே நின்ற துபாஷி பதவி கிறித்தவரான கனகராய முதலியாருக்குப் பிறகு இந்துவான ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கிடைக்குமா என்பதே அன்று பெரும் அரசியலாக இருந்தது.

கிராம தெய்வ வழிபாட்டைப் பொறுத்தவரை, இமையத்தின் ‘செடல்’ (2006) முதன்மையானது. தேவதாசி முறையை ஒழித்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சூழ்ந்த விவாதங்கள் பெருங்கோயில்களையே மனத்தில் கொண்டிருக்க, இந்நாவல் மழைவேண்டி ஊர் அம்மனுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டி விடப்பட்ட சிறுமியின் வாழ்வைத் தொடர்கிறது. அவளுடைய புனிதம் ஊருக்குத் தேவைப்படுகிறது. அவளுடைய பசி ஊருக்குப் பொருட்டாக இல்லை.

சித்திரைதோறும் கூத்தாண்டவர் விழா நடைபெறும், இப்பகுதியைச் சேர்ந்த கூவாகத்திலும் இதே முரண் உண்டு. அங்கே திருநங்கையர், மகாபாரதப் போரில் களப்பலியாகிக் கூத்தாண்டவராக வணங்கப்படும் அரவானுக்கு மணமகளாகித் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுக்கின்றனர். சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ திருநங்கையர் வாழ்வை வெகுசன வாசகரிடம் பரிவோடு கொண்டுசேர்த்தது. திருநங்கையான பிரியா பாபு தாமே எழுதிய ‘மூன்றாம் பாலின் முகம்’ (2008) வந்தபோது, திருவிழாவில் கிடைக்கும் மதிப்பு வீட்டில் ஏன் மறுக்கப்படுகிறது என்ற கேள்வியை, அதற்கு விடை கிடைக்காமல் வாழ்ந்தவர்களே கேட்கத் தொடங்கினர்.