எங்க ஜனம் எதை ரசிச்சுப் படிக்குது?

தலித் எழுத்தாளனைப் பார்த்தால் விமர்சகர்கள் சொல்வது ஒன்றுதான்: உங்க வாழ்க்கைய எழுதுங்க. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது இது நாவலா, சுயசரிதையா என்று விவாதித்தார்கள். இன்றைக்குத் தன்வரலாறுதான் தலித்துக்கு உரிய வகை என்று பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள். துப்பறியும் கதை, குடும்ப நாவல், சரித்திர நாவல் எல்லாம் ஊர்த்தெரு. நமக்குச் சேரியில் ஒரு மனை. இலக்கிய வகைக்குள்ளும் சாதி புகுந்துகொள்கிறது.

சேரியில என்னா படிக்கிறாங்க என்று யாரும் கேட்பதில்லை. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் நான் பார்த்தது ராஜேஷ்குமார், ரமணிசந்திரன், 'பொன்னியின் செல்வன்'. கை மாறி மாறி அட்டை கிழிந்த புத்தகங்கள். 'குப்பை' என்று தள்ளிவிடுவது சிறுபத்திரிகைக்காரர்களின் பழக்கம். படிக்கிற ஜனங்களுக்கு ஒண்ணும் தெரியாது என்ற திமிர் அதற்குள் இருக்கிறது.

துப்பறியும் கதையில் கொலை விழுந்தால் கடைசிப் பக்கத்துக்குள் கொலைகாரன் அகப்படுவான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 1997 மேலவளவுப் படுகொலையில் ஆயுள் தண்டனை பெற்றவர்களை 2019இல் அரசே முன்கூட்டி வெளியே விட்டது. கோர்ட்டில் கிடைக்காத தீர்ப்பு புத்தகத்திலாவது கிடைக்கட்டுமே என்று ஒருவன் விடிய விடியப் படித்தால் அது பொழுதுபோக்கு மட்டும்தானா?

நடவுக்குப் போய் வந்து ராத்திரியில் ரமணிசந்திரன் படிக்கும் என் சின்னம்மாவிடம் கேட்டேன், "இதுல என்னா சின்னம்மா இருக்குது?" என்று. "அந்தப் பொண்ணுக்குன்னு கதவு சாத்திக்க ஒரு ரூம் இருக்குதுடா. கடைசில அவன் வந்து மன்னிப்பு கேக்குறான். இங்க எவன் கேக்குறான்?" என்றது. இதைவிட நல்ல விமர்சனம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரித்திர நாவலுக்கு வருவோம். வந்தியத்தேவன் குதிரையேறிப் போகிறான். எந்தத் தெருவிலும் இறங்கி நட என்று அவனை யாரும் சொல்வதில்லை. நம்ம பையன்களைச் சொக்க வைப்பது சோழன் பெருமை அல்ல, அந்தக் குதிரைதான். ஆனால் அந்த நாவல் காட்டும் சோழநாட்டில் நாம் எங்கே? உத்திரமேரூர்க் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பராந்தகன் காலத்தது, 919, 921ஆம் ஆண்டுகள். குடவோலை, ஜனநாயகம் என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார்கள். நிற்கிறவனுக்குக் காணிநிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்று அதே கல்லில் வெட்டியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலோ பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வரியில்லா நிலக்கணக்கில் வருகின்றன. கல்லில் இருக்கிற சேரி கதையில் காணாமல் போனது எப்படி?

எங்க பக்கத்துக் கூத்தில் ராஜா வந்தால் கட்டியக்காரனும் வருவான். ராஜாவை நிற்க வைத்துக் கிண்டல் பண்ணுவான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். ராஜா கதையை நாம் ரசித்த முறை அது. சரித்திர நாவலுக்குள் அந்தக் கட்டியக்காரனை இனி நாம்தான் அனுப்ப வேண்டும்.

தன்வரலாறு வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய செங்கல்பட்டு ஜில்லா கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன் 1939லேயே 'ஜீவிய சரித்திர சுருக்கம்' எழுதிவிட்டார். 'கருக்கு'வைப் படித்துச் சாதி இந்து வாசகர் கண் கலங்குகிறார். நம்ம பொண்ணுங்க அதில் வரும் கேலியைப் படித்துச் சிரிக்கிறார்கள். கே.ஏ. குணசேகரனின் 'வடு', ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' ரெண்டிலும் அந்தச் சிரிப்பு உண்டு. அழுவதற்கு மட்டும் நம்மைப் படிக்கிறவர்கள் பாதிப் புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள்.

அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, இந்த நாட்டின் சரித்திரத்தையே திருப்பி எழுதினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவர் வழி வந்த நாம் ஏன் காயத்தைக் காட்டும் ஒரே வேலையில் நிற்க வேண்டும்? சேரியிலிருந்து ஒரு துப்பறியும் ஆள் வரட்டும். கதவு சாத்திக்கொள்ள ரூம் உள்ள ஒரு காதல் கதை வரட்டும். வாசகர்கள் எப்பவோ தயார். எழுதுகிறவர்கள்தான் கிளம்ப வேண்டும்.